எள்ளலும் உழைப்பும்: தமிழ் இணைய நகைச்சுவைக் குழுக்களில் பணியிடச் சித்திரிப்பு

ஆய்வுச் சுருக்கம்

2010களின் நடுப்பகுதியில் தோன்றிய தமிழ் யூடியூப் நகைச்சுவைக் குழுக்கள், நகையையும் எண்மத் தொழில்நுட்பத்தையும் ஒருசேர முதலாகக் கொண்ட சிறு புத்தொழில் நிறுவனங்களாக வளர்ந்தன. பொறியியல் பட்டதாரியின் வேலையின்மை, கல்லூரி வாழ்க்கை, மென்பொருள் அலுவலகம் ஆகியவை இவற்றின் தொடக்கக்காலப் பாடுபொருள்களுள் முதன்மையானவை. இக்குழுக்களின் ஆக்கங்களில் உழைப்பும் பணியிடமும் எவ்வாறு சிரிப்புக்குரியனவாகின்றன என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நிலைக்களன்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் அருகருகே அமைந்த தண்டலம் பகுதி இதற்குரிய பார்வைக்களமாகக் கொள்ளப்படுகிறது. தன்னைத் தானே எள்ளும் பட்டதாரியின் சிரிப்பு இக்குழுக்களின் மூலதனமாக அமைந்தது. அச்சிரிப்பே தனக்கு அப்பாலுள்ள உழைப்பைக் காணவிடாத வேலியாகவும் ஆயிற்று என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், இணைய நகைச்சுவை, புத்தொழில், பணியிடம், பள்ளு இலக்கியம், குடும்பஸ்தன், தண்டலம்.

முன்னுரை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே அமைந்துள்ள ஊர் தண்டலம். 1997இல் தொடங்கப்பட்ட இராஜலட்சுமி பொறியியல் கல்லூரியும் 2001இல் தொடங்கப்பட்ட சவீதா பொறியியல் கல்லூரியும் இவ்வூரின் பெயரைத் தம் முகவரியில் கொண்டவை. அதே நெடுஞ்சாலையில் சற்று மேற்கே இருங்காட்டுக்கோட்டை உள்ளது. அங்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் நிறுத்தியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. காலை வேளையில் கல்லூரிப் பேருந்தும் தொழிற்சாலைப் பேருந்தும் ஒரே சாலையில் செல்கின்றன. முன்னதில் செல்வோர் தமிழ் இணைய நகைச்சுவையின் நிலையான கதைமாந்தர் ஆகிவிட்டனர். பின்னதில் செல்வோர் அவ்வாறு ஆகவில்லை.

இவ்வேறுபாட்டிலிருந்தே இக்கட்டுரையின் வினா எழுகிறது. ஆராயப்படும் குழுக்கள் சென்னையிலும் கோவையிலும் இயங்குபவை; தண்டலத்தில் தோன்றியவை அல்ல. எனினும் அவற்றின் நகைக்குரிய மாந்தன் உருவாகும் இடம் தண்டலம் போன்ற நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஊர்தான். அவன் படிப்பு எந்தத் தொழிலை நோக்கியதாகச் சொல்லப்பட்டதோ, அந்தத் தொழில் நடைபெறும் இடமும் அதன் அருகிலேயே உள்ளது. எனவே யாருடைய உழைப்பு சிரிப்புக்குள் வந்தது, யாருடைய உழைப்பு வெளியே நின்றது என்பதை அளந்தறிய இவ்வூர் பொருத்தமான களமாகிறது.

நகையின் நிலைக்களனும் பொறியியல் மாணவனும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைக்கும் தொல்காப்பியர், அது பிறக்கும் களன்களாக இளமை, எள்ளல், மடன், பேதைமை ஆகிய நான்கைக் குறிப்பிடுகிறார். எள்ளல் என்பது பிறரைத் தான் இகழ்ந்து நகுதலையும், பிறரால் இகழப்பட்ட நிலையில் தான் நகுதலையும் குறிக்கும் எனப் பேராசிரியர் உரை விரிக்கிறது. சிரிப்பவனும் சிரிக்கப்படுபவனும் ஒருவனாகவே இருத்தல் கூடும் என்னும் இவ்விளக்கம் இணைய நகைச்சுவையைப் புரிந்துகொள்ள மிகவும் பயன்படுகிறது.

பொறியியல் மாணவனைச் சித்திரிக்கும் காணொளிகளில் இந்நான்கு களன்களையும் காணலாம். விடுதி, அரியர் தேர்வு, ஆய்வக ஏடு, வருகைப்பதிவு ஆகியவற்றைச் சுற்றி எழும் சிரிப்பு இளமையின்பாற்படும். எந்தப் பிரிவை ஏன் எடுத்தோம் என்றறியாமல் உறவினர் சொல்கேட்டுச் சேர்ந்தவனின் நிலை பேதைமையின்பாற்படும். கற்பித்ததைப் பற்றிக்கொண்டு பின் விடாதிருத்தல் என உரையாளர் மடனுக்குத் தரும் விளக்கம், நான்கு ஆண்டுகள் மனப்பாடம் செய்ததையே வளாக நேர்காணலில் ஒப்பிப்பவனுக்குப் பொருந்துகிறது. இவை மூன்றையும் இணைப்பது எள்ளல். அவ்வெள்ளல் பெரும்பாலும் தன்மேலேயே திரும்பியது.

இத்தன்னெள்ளலுக்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. 2010களில் தமிழ்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இயங்கின. குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர் இப்படிப்பின் வழியே உருவாயினர். படித்தோர் எண்ணிக்கை பெருகிய அளவுக்குப் படிப்புக்கேற்ற வேலை பெருகவில்லை. 2014இல் வெளிவந்த 'வேலையில்லா பட்டதாரி' திரைப்படம் இந்நிலையை நாயகனின் வீரமாக மாற்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிய இணையக் குழுக்கள் அதே நிலையை வீரமாக்காமல் நகையாக்கின. திரைப்பட நாயகன் இறுதியில் கட்டடம் எழுப்பி வென்றான். காணொளியின் பட்டதாரி அடுத்த வாரமும் வேலையற்றவனாகவே திரும்பி வந்தான். வெற்றியில் முடிய வேண்டிய கட்டாயம் இல்லாத இவ்வடிவம் வேலையின்மையின் அன்றாடத் தன்மையை நேர்மையாகக் காட்டியது. தொடக்கக்காலக் காணொளிகளின் மதிப்பு இதில்தான் உள்ளது.

மேடைக் குழுவிலிருந்து புத்தொழிலுக்கு

பொறியியலுக்கும் தமிழ் நகைச்சுவைக்கும் உள்ள உறவு இணையத்தோடு தொடங்கியது அன்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்ற கிரேசி மோகன் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' 1976இல் எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா குழுவினரால் மேடையேற்றப்பட்டது. 1979இல் அவர் தம் சொந்தக் குழுவான கிரேசி கிரியேஷன்ஸைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1954இல் உருவான விவேகா பைன் ஆர்ட்ஸ் வழியாக நாடகங்களை நடத்திய சோ, வழக்கறிஞராகப் பணியாற்றியவர். சபா நகைச்சுவை நாடகத்தின் பொருளியல் அடித்தளம் இதுவே: பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் மேடை. ஊதியம் தந்தது ஒரு நிறுவனம். சிரிப்பைத் தந்தது வேறொரு குழு. நாடகம் தோற்றாலும் அடுப்பு எரிந்தது.

2003இல் கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் சென்னையில் தொடங்கிய எவம் இவ்வமைப்பிலிருந்து விலகிய ஒரு திருப்பம். திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூரில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியில் பயின்ற கார்த்திக் குமார், மேடைக்கலையையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட நிறுவனத்தைக் கட்டியவர்களுள் ஒருவர். தண்டலத்தை உள்ளடக்கிய இந்நெடுஞ்சாலைக் கல்லூரிப் பகுதியிலிருந்து ஒரு நகைச்சுவை நிறுவனத்துக்கு நீளும் நேரடிக் கோடு இது. இதே காலத்தில் விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா', புகழ்பெற்ற திரைப்படங்களைக் குறைந்த செலவில் பகடி செய்யும் முறையை நிலைநிறுத்தியது. பின்வந்த இணையக் குழுக்களின் பகடி முறைக்கு இதுவே நெருங்கிய முன்னோடி.

டெம்பிள் மங்கீஸ், புட் சட்னி, மெட்ராஸ் சென்ட்ரல், ஸ்மைல் சேட்டை, எருமசாணி, நக்கலைட்ஸ் ஆகியவை இவ்விரு மரபுகளின் வழியில் வந்தவை. இவற்றுள் புட் சட்னி, கல்ச்சர் மெஷின் என்னும் எண்ம ஊடக நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவாக இராஜ்மோகனின் படைப்புத் தலைமையில் இயங்கியது. பேட்மேன் சென்னையில் பிறந்திருந்தால் என்ன ஆகும் என்னும் கற்பனையில் அமைந்த அதன் காணொளி பெரும் கவனம் பெற்றது. எருமசாணியும் நக்கலைட்ஸும் கோவையைக் களமாகக் கொண்டவை. மெட்ராஸ் சென்ட்ரலில் கோபி, சுதாகர் இருவரும் வழங்கிய 'பரிதாபங்கள்' பின்னர்த் தனி அலைவரிசையாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிக் கைப்பேசித் தரவின் விலை சரிந்தபின் இக்குழுக்களின் பார்வையாளர் பரப்பு நகரங்களைக் கடந்து விரிந்தது.

சபா குழுவினருக்கும் இவர்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஊதியத்தில் உள்ளது. முன்னவர் வேலையில் இருந்துகொண்டு வேலையைக் கேலி செய்தனர். பின்னவரிடம் வேலையைக் கேலி செய்வதே வேலையாயிற்று. இதனால் எள்ளலின் தன்மையும் மாறியது. பாதுகாப்பான ஊதியம் பெறுபவனின் சொல்விளையாட்டுக்கும், அடுத்த மாத வாடகை இன்றைய காணொளியைப் பொறுத்திருக்கும் ஒருவனின் தன்னெள்ளலுக்கும் இடையே தொனி வேறுபாடு உண்டு. கிரேசி மோகனின் நாடகத்தில் ஆள்மாறாட்டம் குழப்பத்தை விளைவித்து இறுதியில் ஒழுங்குக்குத் திரும்பும். இணையக் காணொளியில் பெரும்பாலும் திரும்புவதற்கான ஒழுங்கு இல்லை. மாந்தன் மாட்டிக்கொண்ட இடத்திலேயே காட்சி முடிந்துவிடுகிறது.

பற்றாக்குறை அழகியலாதல்

சிறு நிறுவனத்தின் வேலைமுறை அதன் படைப்பிலேயே பதிந்துள்ளது. ஒருவரே எழுதி நடிப்பதும், நடித்தவரே படத்தொகுப்பில் அமர்வதும் இக்குழுக்களில் வழக்கம். பரிதாபங்கள் காணொளிகளில் ஒருசில நடிகர்களே தந்தை, தாய், மேலாளர், அரசியல்வாதி, வாடிக்கையாளர் எனப் பல வேடங்களை ஏற்கின்றனர். தலையில் போர்த்திய ஒரு துண்டு ஆணைத் தாயாக்குகிறது; ஒரு மூக்குக்கண்ணாடி அவரையே அதிகாரியாக்குகிறது. ஒப்பனையின் முழுமை இங்கு நோக்கமன்று. வேடம் கலைந்தும் கலையாமலும் இருக்கும் நிலையே சிரிப்பைத் தருகிறது.

இவ்வுத்தி தமிழ் நிகழ்த்துகலைக்குப் புதிதன்று. காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் வழங்கும் தெருக்கூத்தில் கட்டியக்காரன் கதையை அறிமுகம் செய்வான், அரசனிடம் பேசுவான், தேவைப்படும்போது சிறுபாத்திரங்களாகவும் மாறுவான். புராணக் கதையிலிருந்து வெளியேறி அன்றைய ஊர்ச்செய்தியைக் கேலி செய்யும் உரிமையும் அவனுக்கு உண்டு. இணையக் குழுவின் நடிகர் இவ்வகையில் கட்டியக்காரனின் வழித்தோன்றல் எனலாம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். கட்டியக்காரன் அரசனின் அருகில் நின்று கேலி செய்பவன். கூத்தில் அரசனும் இருப்பான். இணையக் காணொளியில் அரசனும் கட்டியக்காரனே. அதிகாரத்தின் வேடத்தையும் கேலிக்காரனே ஏற்பதால் அதிகாரம் அச்சந்தரும் ஒன்றாகத் தோன்றாமல் வீட்டு அறைக்குள் அடங்கிய ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. இது இவ்வடிவத்தின் வலிமையாகும். மேலாளரின் அதிகாரத்தால் ஒருவரின் வாழ்வு உண்மையில் சிதையும் கட்டத்தை இவ்வடிவத்தால் காட்ட இயலாமற் போவது அதன் வரம்பாகும்.

பெயரிடும் முறையும் கவனத்துக்குரியது. ஏதேனும் ஒரு பொருளின் பெயரோடு 'பரிதாபங்கள்' அல்லது 'பாவங்கள்' என்னும் ஈறு சேர்ந்து காணொளியின் தலைப்பாகிறது. முக்கூடற்பள்ளு, குற்றாலக் குறவஞ்சி எனக் களத்தின் பெயரும் வகைமைப் பெயரும் இணைந்து தலைப்பாவது சிற்றிலக்கிய மரபில் உள்ளதே. அங்கு ஈறு வகைமையின் இலக்கணத்தை உணர்த்தியது. இங்கு ஈறு தேடுபொறியில் முந்தைய காணொளியோடு அடுத்ததைத் தொடுக்கும் கருவியாகவும் பயன்படுகிறது. இலக்கிய வகைமையும் வணிக முத்திரையும் ஒரே சொல்லில் குடியேறியுள்ளன. நகைச்சுவையும் தொழில்நுட்பமும் கலந்த நிறுவனத்தின் இயல்பு இச்சிறு மொழிக்கூற்றில் வெளிப்படுகிறது.

தளமும் தற்காப்பும்

இக்குழுக்கள் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியவையே அன்றி அதன் உரிமையாளர்கள் அல்ல. யூடியூப் 2018இல் வகுத்த விதிப்படி, விளம்பர வருவாயில் பங்குபெற ஓர் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் தேவைப்பட்டன. நீள்காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளருக்கும் எஞ்சியது தளத்துக்கும் உரியது. பார்வையாளர் எந்த நொடியில் விலகினர் என்பதைத் தளம் வரைபடமாகக் காட்டுகிறது. நாடக ஆசிரியன் அரங்கின் இருமலைக் கேட்டு உரையாடலைச் சுருக்கியதுபோல, காணொளி எழுத்தாளன் இவ்வரைபடத்தைக் கண்டு அடுத்த காணொளியின் தொடக்கத்தைத் திருத்துகிறான். அரங்கின் இருமலைக் கேட்டவர் அவையிலிருந்த அனைவரும். வரைபடத்தை வகுத்ததும் அதன் அளவுகோலை மாற்ற வல்லதும் தளம் ஒன்றே.

விளம்பர வருவாய் போதாதபோது விளம்பரதாரரின் பொருள் காணொளிக்குள்ளேயே நுழைகிறது. இதனால் எள்ளலுக்குரிய பொருள்களின் பட்டியல் படிப்படியாகச் சுருங்குகிறது. விளம்பரதாரரை எள்ள இயலாது. விளம்பரதாரர் அஞ்சும் பொருளையும் எள்ள இயலாது. சமய, அரசியல் அழுத்தங்களும் இதனோடு சேர்கின்றன. திருப்பதி லட்டு தொடர்பான சர்ச்சையின்போது 2024 செப்டம்பரில் பரிதாபங்கள் வெளியிட்ட 'லட்டு பாவங்கள்' எதிர்ப்புக்குள்ளாகி, வருத்தம் தெரிவிக்கப்பட்டு நீக்கப்பட்டது. சட்டப் பிரிவும் பதிப்பாளரும் பின்னணியில் உள்ள பெரிய ஊடகத்துக்கு எதிர்ப்பு ஒரு செய்தி. சிறு நிறுவனத்துக்கு அது வாழ்வாதார வினா. நீக்கியவர்களைத் துணிவற்றோர் எனக் கூறுவது எளிது. எவ்விதக் காப்பும் இன்றி எள்ளலைத் தொழிலாகக் கொண்டோரின் உழைப்பு நிலை அங்கு வெளிப்பட்டது என்பதே திறனாய்வு கருதவேண்டியது.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. பட்டதாரியின் நிலையற்ற வாழ்வைச் சித்திரித்து வளர்ந்த இக்குழுக்கள், தம் சொந்தத் தொழிலின் நிலையற்ற தன்மையை மிக அரிதாகவே பாடுபொருளாக்கின. இந்தியில் இதற்கு மாறான போக்கு உண்டு. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அருணாப் குமார் 2010இல் தொடங்கிய டி.வி.எப். நிறுவனம், நண்பர் நால்வர் வேலையைத் துறந்து நிறுவனம் தொடங்கும் 'பிட்சர்ஸ்' தொடரை 2015இல் வெளியிட்டது. அங்குப் புத்தொழில் ஒரு கனவுக் கதையாயிற்று. தமிழ்க் குழுக்களிடம் அத்தகைய கனவுக் கதை வலுப்பெறவில்லை. தம் தொழிலைப் பற்றி அவை பேசியபோது அது கனவாக அமையாமல் கடனாக அமைந்தது. அதற்குரிய சான்று 'குடும்பஸ்தன்'.

'குடும்பஸ்தன்': படைப்பு அலுவலகம் வீட்டுக்குத் திரும்புதல்

இக்குழுக்களைச் சேர்ந்தோர் திரைப்படத்துக்கு வந்த வரிசையில், எருமசாணி விஜய்குமார் இயக்கிய 'டி பிளாக்' 2022இலும், இராஜ்மோகன் இயக்கிய 'பாபா பிளாக் ஷீப்' 2023இலும் வெளிவந்தன. முன்னது பொறியியல் கல்லூரியையும் பின்னது பள்ளியையும் களமாகக் கொண்டவை. அதாவது இளமை என்னும் நகைக்களனை இவை நீங்கவில்லை. நக்கலைட்ஸ் குழுவின் இராஜேஷ்வர் காளிசாமி இயக்கி, பிரசன்னா பாலச்சந்திரனோடு இணைந்து எழுதிய 'குடும்பஸ்தன்' 2025 ஜனவரியில் வெளிவந்தது. இது இளமையைக் கடந்து, வேலை செய்து குடும்பம் நடத்த வேண்டியவனின் கதைக்கு வந்தது.

கதைத்தலைவன் நவீன் கோவையில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வரைகலை வடிவமைப்பாளன். சாதி கடந்து வெண்ணிலாவைப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறான். வாடிக்கையாளர் தரப்போடு நேரும் மோதலில் வேலையை இழக்கிறான். இழந்ததை வீட்டில் மறைக்கிறான். தாய், தந்தை, மனைவி ஒவ்வொருவரின் எதிர்பார்ப்புக்கும் பணம் வேண்டும். செல்வநிலையால் குடும்பத்தில் குரல் பெற்ற அக்காள் கணவர் முன் தாழ்ந்துவிடக் கூடாது என்னும் வீம்பும் அவனிடம் உண்டு. கடன்மேல் கடன் ஏறுகிறது.

நகைச்சுவைப் புத்தொழில் ஒன்றிலிருந்து வந்தோர், கணினி முன் அமர்ந்து படைப்பு வேலை செய்பவனைத் தலைவனாகக் கொண்டது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. இத்தகைய வேலையில் மேலாளருக்கும் மேலான அதிகாரம் வாடிக்கையாளரிடம் உள்ளது என்பதைப் படம் முதற்பகுதியிலேயே நிறுவுகிறது. அவ்வதிகாரத்தின் முன் ஒருமுறை தன்மானம் பேசியவுடன் வேலை போய்விடுகிறது. தொழிற்சங்கம், விளக்கம் கோரும் குறிப்பாணை, பணிக்கொடை போன்ற இடைநிலைகள் எவையும் அங்கு இல்லை. பழைய அலுவலகக் கதைகளில் வேலை இழப்பு என்பது நீண்ட நிகழ்முறை. இங்கு அது ஒரு நொடி. சிறு படைப்பு நிறுவனத்தில் வேலை என்பதன் தன்மையை இதைவிடச் சுருக்கமாகத் தமிழ்த் திரைப்படம் காட்டியதில்லை எனலாம்.

நகைக்களன் அடிப்படையிலும் இப்படம் ஒரு மாற்றத்தைக் காட்டுகிறது. தொடக்கக்காலக் காணொளிகளில் பட்டதாரி தன்னைத் தானே எள்ளிக்கொண்டான். அதனால் பிறரின் எள்ளல் அவனைப் புண்படுத்தவில்லை. நவீன் தன்னை எள்ள மறுப்பவன். தன் நிலையைச் சொல்லிச் சிரிக்கத் தெரியாத காரணத்தாலேயே அவன் பொய்க்குள் விழுகிறான். பேராசிரியர் உரை கூறும் இரண்டாம் வகை எள்ளல், அதாவது பிறர் இகழத் தானும் நகுதல், அவனுக்கு வாய்க்கவில்லை. தன்னெள்ளல் என்பது நண்பர் குழுவில் மட்டுமே செல்லுபடியாகும் நாணயம் என்பதையும், குடும்பம், உறவு, சாதி என்னும் அவைகளில் அது செல்லாது என்பதையும் படம் உணர்த்துகிறது. அலைவரிசையின் அடித்தளமாக இருந்த சிரிப்பையே அதன் படைப்பாளிகள் இங்கு ஐயுறுகின்றனர். இப்படத்தின் சிறப்பு இதில்தான் அடங்கியுள்ளது.

எனினும் வேலை இழந்தபின் கதை வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. அலுவலகம் திரும்ப வருவதில்லை. உழைப்புச் சிக்கல் குடும்பச் சிக்கலாக மொழிபெயர்க்கப்படுகிறது. நவீனைப் போலவே அந்நிறுவனத்தில் தொடரும் பிறர் எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் வினா எழுப்பப்படவில்லை. குடிமைப்பணித் தேர்வுக்கு முயலும் வெண்ணிலாவின் படிப்பும் ஓர் உழைப்பே ஆயினும் அது கதையின் ஓரத்திலேயே நிற்கிறது. தலைப்பு சுட்டும் ஆண்மையப் பொறுப்பு எள்ளப்படுகிறது, ஆனால் கைவிடப்படவில்லை.

சிரிப்புக்கு வெளியே நிற்கும் தொழிற்கூடம்

இணைய நகைச்சுவையின் பணியிடம் பெரும்பாலும் கணினி வைத்த மேசையாகவே உள்ளது. தண்டலத்தை அடுத்த தொழிற்கூடங்களின் பணியிடம் அத்தகையதன்று. சுழற்சிப் பணி, ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என்னும் பெயரில் வேலை செய்யும் பட்டயப் படிப்பினர், விடுதியிலிருந்து பேருந்தில் வரும் இளம்பெண்கள் ஆகியோர் அங்குள்ளனர். மின்னணுப் பொருள் கோக்கும் தொழிற்சாலைகளில் பெண்களே பெருந்தொகையினர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் உடல்நலம் குன்றியதை எதிர்த்து அத்தகைய பெண் தொழிலாளர்கள் இதே நெடுஞ்சாலையை மறித்தனர். 2024இல் திருப்பெரும்புதூர் சாம்சங் தொழிற்சாலையில் தொழிற்சங்க ஏற்பை முன்வைத்து 37 நாள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. இவ்வாழ்விலும் நகை உண்டு. மேற்பார்வையாளருக்கு இடும் பட்டப்பெயர், இரவுப்பணித் தூக்கம், விடுதிச் சோறு பற்றிய கேலி என அங்கும் எள்ளல் வழங்கவே செய்யும். ஆயினும் மென்பொருள் ஊழியனைப்போல் நிலைபெற்ற கதைமாந்தராக இத்தொழிலாளி இணைய நகைச்சுவையில் உருப்பெறவில்லை. தலையில் துண்டணிந்த ஆண் நடிகர் தாயாகத் தோன்றும் அரங்கில், சீருடையணிந்த தொழிலாளிப் பெண் தோன்றுவதற்கான இடமே அமையவில்லை.

பணியிட நகை தமிழுக்கு அயலானது என்று இதற்குக் காரணம் கூற இயலாது. பள்ளு இலக்கியம் முழுமையாக ஒரு பணியிடத்தைக் களமாகக் கொண்டது. நெல்வகை, மாட்டுவகை, ஏர்க்கருவி, நாற்று, நடவு என உழைப்பின் பொருள்கள் அதில் நிறைந்துள்ளன. மேற்பார்வை செய்யும் பண்ணைக்காரன் அங்கு நகைக்குரியவன். அவனது தோற்றமும் நடையும் கேலி செய்யப்படுகின்றன. அதே இலக்கியத்தில் பள்ளன் தண்டனைக்குள்ளாகி மரத்தில் மாட்டப்படுவதும், அவன் மனைவியர் இருவரின் ஏசலும் நகைப்பொருளாகின்றன. உழைப்பவரின் இழிவு அங்குக் களிப்பாக மாற்றப்பட்டது என்னும் திறனாய்வு நியாயமானதே. ஆகவே சிரிப்புக்குள் இடம்பெறுதல் என்பது தன்னளவில் மதிப்பன்று. யார் எள்ளுகிறார், யார் எள்ளப்படுகிறார் என்பதே மதிப்பைத் தீர்மானிக்கிறது. பண்ணைக்காரன் எள்ளப்படும் இடத்தில் உழைப்பவரின் பார்வை ஒரு கணமேனும் அரங்கேறுகிறது. அக்கணத்துக்கு இணையானதைத் திருப்பெரும்புதூர்த் தொழிற்கூடத்தைப் பற்றித் தமிழ் இணைய நகைச்சுவை இன்னும் வழங்கவில்லை.

காரணம் குழுக்களின் சமூக ஆக்கத்தில் உள்ளது. தன்னெள்ளல் என்பது தான் அறிந்த வாழ்வை எள்ளுவது. குழுவினர் அறிந்தது கல்லூரியும் அலுவலகமும். அறியாத வாழ்வைப் பற்றிச் சிரிக்காதிருத்தல் ஒருவகையில் அறமே. பேட்டைவாசியையும் வீட்டுப்பணியாளரையும் எளிய கேலிப்பொருளாக்கிய திரைப்பட மரபை நோக்க இத்தயக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் அத்தயக்கம் நீண்டால், சிரிப்பு தன்னைப் போன்றோரின் வட்டத்துக்குள் சுற்றிவரும். நக்கலைட்ஸ் குழுவின் 'அம்முச்சி' தொடர் கொங்கு வட்டார வழக்கையும் முதியவளின் எள்ளலையும் மையத்துக்குக் கொண்டுவந்து இவ்வட்டத்தைக் கிராமத்தின் பக்கம் விரித்தது. தொழிற்கூடத்தின் பக்கம் அத்தகைய விரிவு நிகழ வேண்டுமாயின் அதை எழுதுவோர் அப்பணியிடத்தை அறிந்தவர்களாக இருத்தல் வேண்டும். கைப்பேசியைக் கோக்கும் கைகளே அக்கைப்பேசியில் தம் எள்ளலைப் பதியும் நிலை அது.

முடிவுரை

தமிழ் இணைய நகைச்சுவைக் குழுக்கள் பொறியியல் பட்டதாரியின் தன்னெள்ளலை மூலதனமாகக் கொண்டு தொழிலாக வளர்ந்தவை. சபா மரபு தந்த ஊதியப் பாதுகாப்பு இவற்றுக்கு இல்லை. அப்பற்றாக்குறையே கட்டியக்காரன் மரபை ஒத்த ஓர் அழகியலை உருவாக்கியது. தொழில்நுட்பத் தளத்தின் விதிகளும் விளம்பரதாரரின் விருப்பமும் எள்ளலின் எல்லையைச் சுருக்கின. 'குடும்பஸ்தன்' தன்னெள்ளலின் போதாமையை உணர்ந்து படைப்பு அலுவலகத்தின் நிலையின்மையைக் காட்டியது. எனினும் அதனைக் குடும்பத்துக்குள் அடக்கிக்கொண்டது. தண்டலத்தின் வழியே செல்லும் இரண்டாவது பேருந்து இன்னும் சிரிப்புக்கு வெளியேதான் செல்கிறது.

இத்துறையில் மேற்கொள்ள வேண்டிய பணிகள் இரண்டு. முதலாவது, இணைய நகைச்சுவையை மதிப்பிடும்போது எத்தனை பேர் சிரித்தனர் என்பதைக் காட்டிலும் எள்ளல் எத்திசையில் பாய்ந்தது என்பதை அளக்கும் முறை வேண்டும். மெய்ப்பாட்டியலின் நகைக்களன்களும் உரையாளர் விளக்கங்களும் அதற்குரிய கருவிகளைத் தருகின்றன. இரண்டாவது, இப்படைப்புகளைப் பேணுதல். ஒரு காணொளி நீக்கப்பட்டால் மூலபாடமே இல்லாமற் போகிறது. நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள் போன்ற அச்சுச் சிறுபொருள்களை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பேணியதால்தான் மேடைக்கலை வரலாற்றை எழுத முடிகிறது. இணைய நகைச்சுவையின் உரையாடல்களை எழுத்தில் பதிந்து, வெளியான நாள், நடித்தோர், வட்டார வழக்கு முதலிய விவரங்களோடு தொகுக்கும் பணியைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். தண்டலம் போன்ற ஊர்களின் கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு இப்பணி தொலைவிலுள்ளது அன்று. அவற்றின் மாணவர்களே இந்நகையின் பாடுபொருளும் பார்வையாளரும் ஆவர். அவர்களுட் சிலர் நாளை அதன் படைப்பாளராகவும் ஆகக்கூடும்.